ஆலை, துறைமுகம், புகைபோக்கி: எண்ணிட்ட பிரிண்டுகளைச் சேகரிப்பது எப்படி?

ஆலைகள், துறைமுகக் கிரேன்கள், ரயில்வே யார்டுகள், அனல்மின் நிலையப் புகைபோக்கிகள் என்று தொழில் நகரத்தைக் காட்டும் பிரிண்டுகளை, எண்ணிட்ட பதிப்புகளாக (இத்தனை பிரதிதான் என்று முடிவுசெய்து, ஒவ்வொன்றிலும் எண் போட்டவை) பார்த்து வாங்கிச் சேர்க்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பன்னிரண்டு வருடமாக இதில் இருக்கிறேன். என்னோடு கண்காட்சிக்கு வரும் புதியவர்கள் கிட்டத்தட்ட எல்லோரும் ஒரே வழியில்தான் போகிறார்கள். முதலில் படம் பிடித்துப்போகிறது, அடுத்து எண்ணைப் பார்க்கிறார்கள், அப்புறம் விலை, கடைசியில் ஃபிரேம். இது எப்படி அச்சானது, என்ன தாள் என்ற கேள்வி வருவதே இல்லை. அந்தக் கேள்வி முதலில் வரும்படி படிகளை அடுக்கியிருக்கிறேன். இதே வரிசையில் போங்கள்.

1. கடைக்குப் போவதற்கு முன் வேண்டியவை

நகைக்கடைக்காரர்கள் வைத்திருக்கும் 10 மடங்கு லென்ஸ் ஒன்று, சின்ன டார்ச், டேப், நோட்டு, மென்மையான பென்சில். இவ்வளவுதான். பேனா கொண்டுபோகாதீர்கள், தாள் பக்கத்தில் மை இருக்கவே கூடாது. கையுறையும் வேண்டாம். சோப்புப் போட்டுக் கழுவி நன்றாக உலர்த்திய கை போதும். துணிக் கையுறை போட்டால் தாளின் ஓரம் விரலுக்குத் தெரியாது, மடங்கிவிடும்.

பணத்தையும் இப்போதே பிரித்துவையுங்கள். 100 ரூபாய் இருந்தால் படத்துக்கு 60 தான். மீதி 40 ஃபிரேம், பார்சல், வரிக்கு. முழுத் தொகையையும் படத்துக்கே கொடுத்துவிட்டவர்கள்தான் மட்டமான ஃபிரேம் போட்டு, அந்தப் படத்தையே கெடுத்துக்கொள்கிறார்கள்.

முதல் ஒரு வாரம் எதையும் வாங்காதீர்கள். லென்ஸை வைத்துச் செய்தித்தாள் படம், காலண்டர், கல்யாணப் பத்திரிகை, வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரில் எடுத்த போட்டோ என்று வரிசையாகப் பாருங்கள். போலி எப்படி இருக்கும் என்று கண்ணுக்குப் பழகிவிட்டால் அசல் தானாகப் பிடிபடும்.

2. லென்ஸை எங்கே வைப்பது: புகையின் ஓரம்

தொழில் நகரப் படங்களில் ஒரு வசதி உண்டு. பெரும்பாலான படங்களில் எங்காவது புகை இருக்கும், இல்லையென்றால் மங்கலான வானம் இருக்கும். லென்ஸை அங்கே, புகை கரைந்து வெள்ளையாகும் ஓரத்தில் வையுங்கள். அடர்ந்த கறுப்பில் எல்லா அச்சும் ஒன்றுபோலத்தான் தெரியும். வெளிறிய இடத்தில்தான் அச்சு முறை வெளியே வரும்.

அங்கே நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகள் ஒழுங்கான வரிசையில், சின்னச் சின்ன பூக்கோலம் போலத் தெரிந்தால் அது ஆஃப்செட், அதாவது காலண்டரும் பத்திரிகையும் அச்சாகும் இயந்திர முறை. வரிசையே இல்லாமல் வண்ணத் தூசி தெளித்தது போலிருந்தால் இங்க்ஜெட். கரடுமுரடான தாளில் கிரேயான் தேய்த்த மாதிரி, ஒழுங்கற்ற மணிமணியாகத் தெரிந்தால் கல்லிலோ தகட்டிலோ கையால் வரைந்த லித்தோ.

எட்சிங் என்பது உலோகத் தகட்டில் அமிலத்தால் கோடு அரித்து, அதில் மை நிரப்பி அச்சிடுவது. அதில் கோடுகள் தாளுக்கு மேலே லேசாக மேடிட்டு நிற்கும். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்தால் அந்த மேட்டுக்கு நிழல் விழும். தகட்டை அழுத்திய பள்ளம் படத்தைச் சுற்றி நான்கு பக்கமும் இருக்கும். தாளின் பின்புறம் விரல் நுனியால் தடவினால் தெரியும். ஆனால் பள்ளத்தை மட்டும் நம்பாதீர்கள். ஆஃப்செட் பிரதியிலும் வெறும் தகட்டை அழுத்திப் பள்ளம் உண்டாக்கி விற்கிறார்கள். மேடிட்ட கோடும் பள்ளமும் சேர்ந்து இருந்தால்தான் எட்சிங்.

லினோலியத்தையோ மரத்தையோ செதுக்கி அச்சிடும் லினோகட், மரச்செதுக்கில் கறுப்பு வடிவத்தின் விளிம்பில் மை ஒதுங்கி மெல்லிய வரப்பு போல நிற்கும். கிரேன்களும் பாலத்துக் கர்டர்களும் இந்த முறையில் பளிச்சென்று வருவதால் நம் ஊரில் அதிகம் கிடைப்பது இதுதான். துணித் திரை வழியாக மையைத் தள்ளி எடுக்கும் ஸ்கிரீன் பிரிண்டில் மை பெயின்ட் அடித்தது போலத் தட்டையாக, தடிமனாக இருக்கும்.

நான் முதலில் வாங்கியது துறைமுகக் கிரேன்கள் படம். 500 பிரதிகள் மட்டுமே என்று எழுதி, எண்ணும் போட்டிருந்தது. எட்சிங் என்று சொல்லித்தான் விற்றார்கள். ஆறு மாதம் கழித்து லென்ஸ் வாங்கி அதன் வானத்தைப் பார்த்தேன். பூக்கோலம். அன்றிலிருந்து புகையின் ஓரத்தைப் பார்க்காமல் நான் பணம் கொடுத்ததில்லை.

அசல் எட்சிங்கைப் பார்க்காமல் இதெல்லாம் புரியாது. சென்னையில் இருப்பவர்கள் கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாடமி மையத்துக்கும், சோழமண்டல ஓவியர் கிராமத்துக்கும், அரசு கவின் கலைக் கல்லூரி மாணவர் கண்காட்சிக்கும் போங்கள். மாணவர்களிடம் கேட்டால் தகட்டையே எடுத்துக் காட்டுவார்கள். தகட்டையும் அதிலிருந்து எடுத்த பிரிண்டையும் பக்கத்தில் வைத்து ஒருமுறை பார்த்துவிட்டால் போதும், பத்துப் பக்கம் படித்ததற்குச் சமம்.

3. எண் என்ன சொல்கிறது

படத்தின் கீழ் இடப்பக்கம் 12/50 என்று பென்சிலில் இருக்கும். மொத்தம் 50 பிரதிகள், இது 12ஆவது. வலப்பக்கம் கையெழுத்து. பென்சிலுக்குக் காரணம் உண்டு: அது தாளின் இழையில் பதியும், மை போல ஊறிப் பரவாது, அச்சடித்த கையெழுத்திலிருந்து லென்ஸில் சுலபமாகப் பிரித்தறியலாம்.

எண்ணுக்குப் பதில் ஏ.பி. என்றிருந்தால் ஓவியர் தனக்காக வைத்துக்கொண்ட பிரதி. வழக்கமாகப் பதிப்பில் பத்தில் ஒரு பங்குக்குள் இருக்கும். பி.பி. என்பது அச்சிட்டவருக்குக் கொடுத்தது. எச்.சி. விற்பனைக்கு அல்லாதது. 50 பிரதி என்று சொல்லிவிட்டு ஏ.பி. மட்டும் 30 இருந்தால், உண்மையான எண்ணிக்கை 80. இதை விற்பவரிடம் நேராகக் கேளுங்கள்.

'சின்ன எண் நல்லது' என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. லித்தோவிலும் ஸ்கிரீன் பிரிண்டிலும் அதற்கு அர்த்தமே இல்லை. அச்சடித்து உலர்த்தி, அடுக்கிய வரிசையில் எண் போடுவார்கள். முதலில் வந்ததுதான் 1 என்று கிடையாது. எட்சிங் தகட்டின் மேல் எஃகு முலாம் பூசியிருந்தால் தகடு சீக்கிரம் தேயாது, அதிலும் வித்தியாசம் தெரியாது. டிரைபாயின்ட் மட்டும் விலக்கு. அதில் ஊசியால் செம்பைக் கீறும்போது கோட்டின் இரு கரையிலும் உலோகப் பிசிறு எழும். மையைப் பிடித்து வைத்து வெல்வெட் போன்ற கறுப்பைக் கொடுப்பது அந்தப் பிசிறுதான். ஒவ்வொரு அழுத்தத்திலும் அது நசுங்கும். சில பத்துப் பிரதிகளிலேயே கோடு மெலிந்துவிடும். ஸ்காட்லாந்து ஓவியர் மியூர்ஹெட் போன் (1876–1953) போன்றவர்கள் சாரங்களையும் ரயில் நிலையக் கூரைகளையும் டிரைபாயின்ட்டில்தான் செய்தார்கள். அங்கே எண்ணைப் பார்க்காதீர்கள், கறுப்பின் அடர்த்தியைப் பாருங்கள். இரண்டு பிரதிகள் கிடைத்தால் பக்கத்தில் வைத்துப் பார்த்து, எது கறுப்போ அதை எடுங்கள்.

இனி எண்ணைவிட முக்கியமானது. எண்ணுக்கு உட்பட்டது எது? கையால் செய்த தகடா, ஒரு ஓவியத்தின் போட்டோவா? இதற்கு நல்ல உதாரணம் எல். எஸ். லௌரி (1887–1976). இங்கிலாந்தின் சால்ஃபோர்ட், மான்செஸ்டர் ஆலைத் தெருக்களை வரைந்தவர். அவர் பெயரில் சந்தையில் சுற்றும் எண்ணிட்ட பிரிண்டுகளில் பெரும்பாலானவை அவர் ஓவியங்களின் ஆஃப்செட் பிரதிகள்தான். புகையின் ஓரத்தில் லென்ஸை வைத்தால் புள்ளிகள் தெரியத்தான் செய்யும். ஆனாலும் அவரே பென்சிலில் கையெழுத்திட்டதால் நல்ல விலை போகின்றன. கையெழுத்திட்டு எண்ணிட்ட பதிப்புகளில் பலவற்றின் ஓரத்தில், ஃபைன் ஆர்ட் டிரேட் கில்ட் என்ற வணிகச் சங்கத்தின், மையில்லாமல் அழுத்திய முத்திரை இருக்கும். ஆக, அங்கே நீங்கள் விலை கொடுப்பது கையெழுத்துக்கு. லௌரி கையெழுத்துக்குப் போலிகள் நிறைய என்பதால் அந்த முத்திரையும், படம் யார் யாரிடம் இருந்து வந்தது என்ற தாள்களும் இல்லாமல் வாங்க வேண்டாம். ஓரத்தை வெட்டி ஃபிரேம் போட்டிருந்தால் முத்திரை போயிருக்கும். அதைத் தொடாதீர்கள்.

ஆஃப்செட் கேவலம் என்று நான் சொல்லவில்லை. எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுங்கள், அவ்வளவுதான்.

4. எல்லையைக் குறுக்குங்கள்

'தொழில் நகரம்' என்பது மிகப் பெரிய வட்டம். ஒரு வருடத்துக்கு ஒரு பொருள், அல்லது ஒரு ஊர், அல்லது ஒரு அச்சு முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே வகையில் இருபது படம் பார்த்தவர்களுக்குத்தான் இருபத்தொன்றாவது படத்தின் விலை சரியா தவறா என்று தெரியும்.

என் சேகரிப்பு துறைமுகமும் மின்நிலையமும். வேறு சில எல்லைகளையும் சொல்கிறேன். 1912இல் அமெரிக்க ஓவியர் ஜோசஃப் பென்னல் பனாமா கால்வாய் கட்டுமானத்தை நேரில் பார்த்துச் செய்த லித்தோக்கள். முதல் உலகப் போரில் தன் முயற்சிகளைக் காட்ட பிரிட்டன் அரசு 1917இல் வெளியிட்ட 66 லித்தோக்களின் வரிசை. கப்பல் கட்டும் தளத்தை அதில் வரைந்தது மியூர்ஹெட் போன். லூயி லோசோவிக் (1892–1973) செய்த அமெரிக்கத் தொட்டிகளும் பாலங்களும். போட்டோ பக்கம் போனால் ஜெர்மனியின் பெர்ன்ட், ஹில்லா பெஷர் (Becher) தம்பதியின் தண்ணீர்த் தொட்டிகள், ஊது உலைகள். இதில் பல நம் கைக்கு எட்டாத விலை. ஆனால் பார்ப்பதற்குக் காசில்லை: அமெரிக்க நாடாளுமன்ற நூலகம், நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம், லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகம் ஆகியவற்றின் இணையத் தொகுப்புகளில் பலவற்றைப் பார்க்கலாம். ஒரு படத்தை வாங்கப் போகிறீர்கள் என்றால் அதே படத்தின் அருங்காட்சியகப் பிரதியை முதலில் திறந்து, அளவையும் ஓரத்தையும் ஒப்பிடுங்கள். படத்தின் அளவிலேயே சில மில்லிமீட்டர் அல்ல, சில சென்டிமீட்டர் வித்தியாசம் இருந்தால் அது வேறு ஏதோ பிரதி.

உள்ளூரில் தொடங்குவதுதான் நல்லது என்பேன். எண்ணூர் அனல்மின் நிலையம் 2017இல் நின்றுபோனது. பின்னி ஆலையில் இப்போது தறிச் சத்தம் இல்லை. இப்படிப்பட்ட இடங்களை வரைந்த லினோகட் கிடைத்தால், ஓவியர் அதை எந்த வருடம், எங்கே நின்று வரைந்தார் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். வாழும் ஓவியரிடம் இதைக் கேட்க முடிவது பெரிய வசதி.

5. விற்பவரிடம் எழுத்தில் வாங்க வேண்டியது

வாய்ச்சொல் வேண்டாம். மின்னஞ்சலோ வாட்ஸ்அப்போ, எழுத்தில் இருக்கட்டும்.

அச்சு முறை என்ன? மொத்தப் பிரதிகள் எத்தனை, ஏ.பி. சேர்த்து? தகடு உருவான வருடம் எது, இந்தப் பிரதி அச்சான வருடம் எது? ஓவியர் இறந்த பிறகு எடுத்த பிரதியா? பதிப்பு முடிந்ததும் தகட்டைக் கீறி ரத்து செய்தார்களா? தாள் எது, பருத்தியா மரக்கூழா? ஓரம் வெட்டப்பட்டதா, கறை நீக்கியதா, எங்காவது ஒட்டியதா?

போட்டோவாக இருந்தால் இன்னொரு கேள்வி மிக அவசியம். பதிப்பு எண்ணிக்கை எல்லா அளவுக்கும் சேர்த்தா, அளவுக்கு ஒன்றா? பெரிய அளவில் 5 பிரதி என்று வாங்கியபின், அதே படம் சின்ன அளவில் 25 பிரதி வெளிவந்து ஏமாந்தவர்கள் உண்டு.

படத்தை ஃபிரேமுக்கு வெளியே எடுத்த நிலையில் முன்பக்கம், பின்பக்கம், நான்கு மூலை என்று போட்டோ கேளுங்கள். பின்பக்கம்தான் உண்மையைச் சொல்லும். பழுப்புப் பட்டை, செல்லோடேப் தடம், பூஞ்சைப் புள்ளி எல்லாம் அங்கேதான் இருக்கும். 'ஃபிரேமைக் கழற்ற முடியாது' என்று பதில் வந்தால் நான் அதோடு விட்டுவிடுகிறேன்.

6. விலையோடு சேரும் விலை

வெளிநாட்டு ஏலத்தில் சுத்தியல் விலைக்கு (ஏலம் முடிந்த விலை) மேல் வாங்குபவர் கட்டணம் 20 முதல் 30 சதவீதம் வரை சேரும். அதற்கும் வரி உண்டு. பிரிட்டனில் ஓவியரின் மறுவிற்பனை உரிமைத் தொகை (படம் மறுபடி விற்கும்போது ஓவியருக்கோ வாரிசுக்கோ போகும் பங்கு) தனி. அப்புறம் பார்சல், காப்பீடு, இங்கே சுங்கம். ஏலத்தில் கை தூக்கும் முன் இதையெல்லாம் கூட்டி, உங்கள் உச்சவரம்பைத் தாளில் எழுதிவையுங்கள்.

சுங்கத்தில் பலர் தடுமாறுவது ஒரு இடத்தில். சுங்கப் பட்டியலில் 9702 என்ற தலைப்பில் 'அசல் அச்சோவியம்' என்று வருவது, ஓவியர் முழுக்கக் கையால் செய்த தகட்டிலிருந்து நேரடியாக எடுத்த பிரதி மட்டும்தான். இயந்திர முறையிலோ போட்டோ முறையிலோ எடுத்தது அதில் சேராது. எண், கையெழுத்து இருந்தாலும் சேராது. இந்தத் தலைப்புக்கு ஜிஎஸ்டி 12 சதவீதமாக இருந்து 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம் ஆனது. அனுப்புகிறவர் பில்லில் வெறுமனே 'போஸ்டர்' என்று எழுதினால் வேறு தலைப்புக்குப் போய்விடும். அச்சு முறை, வருடம், பதிப்பு எண் எல்லாவற்றையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள்.

100 வருடம் தாண்டிய பிரிண்டை இந்தியாவில் வாங்கி வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்கு அனுப்பலாம் என்று நினைப்பவர்கள் நின்று யோசியுங்கள். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் அப்படிப்பட்ட பொருளைத் தனியார் ஏற்றுமதி செய்ய விடாது. சந்தேகம் இருந்தால் இந்தியத் தொல்லியல் துறையிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

7. பார்சல் வந்த அன்று

உடனே திறக்காதீர்கள். குளிர்ந்த சரக்கறையிலிருந்தோ ஏசி அறையிலிருந்தோ வந்த தாள் நம் ஊர்ப் புழுக்கத்தில் ஈரம் இழுக்கும். ஒரு நாள் மூடியே அறையில் கிடக்கட்டும். திறக்கும்போது வீடியோ எடுங்கள். காப்பீடு கேட்க அதுதான் சாட்சி.

குழாயில் சுருட்டி வந்திருந்தால் எதிர்ப்பக்கம் சுருட்டி நிமிர்த்தக் கூடாது. மை மேடு வெடிக்கும். சுத்தமான வெள்ளைத் தாள்களுக்கு நடுவே விரித்து, மேலே தட்டையான பலகை வைத்து, நான்கைந்து நாள் விடுங்கள். தடிமனான மை உள்ள லினோகட் என்றால் குழாயில் அனுப்பவே வேண்டாம், அட்டைகளுக்கு நடுவே தட்டையாக அனுப்புங்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

8. ஃபிரேம்

நான் பார்த்த வரையில் பிரிண்டுகள் கெடுவது பெரும்பாலும் இங்கேதான். தெருமுனை ஃபிரேம் கடையில் சாமி படத்துக்கும் குரூப் போட்டோவுக்கும் பழகிய கை. 'ஹார்ட்போர்டுல பேஸ்ட்டிங் பண்ணிடலாம் சார், அப்பதான் சுருங்காம நிக்கும்' என்பார்கள். நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஒட்டிவிட்டால் அது மறுபடி வராது. ஹார்ட்போர்டின் அமிலம் தாளைப் பழுப்பாக்கும், மழைக்காலத்தில் பலகை உப்பினால் தாளும் சேர்ந்து கிழியும்.

ஆகவே கடைக்குப் போகும்போது இதை எழுதி எடுத்துப் போங்கள்:

படத்தைப் பலகையில் ஒட்டக்கூடாது. மெல்லிய ஜப்பானியத் தாள் துண்டு இரண்டை, கோதுமை மாவுப் பசையால், படத்தின் மேல் ஓரத்தின் பின்பக்கம் மட்டும் ஒட்டித் தொங்கவிட வேண்டும். தாள் ஈரத்துக்கு விரியும், காய்ந்தால் சுருங்கும். மேலே மட்டும் பிடித்திருந்தால் அது தாராளமாக அசையும். நான்கு பக்கமும் பிடித்தால் அலை அலையாக நிற்கும்.

ஓரத்தை வெட்டக்கூடாது. ஃபிரேம் சின்னதாக இருந்தால் ஃபிரேமை மாற்றுங்கள். எண், கையெழுத்து, முத்திரை, தகட்டுப் பள்ளம் எல்லாம் அந்த ஓரத்தில்தான் இருக்கின்றன. என் லினோகட் ஒன்றின் ஓரத்தை ஒரு கடையில் என்னைக் கேட்காமலேயே இரண்டு அங்குலம் வெட்டிவிட்டார்கள். எண் போய்விட்டது. வெட்டிய துண்டு குப்பையில் கூடக் கிடைக்கவில்லை.

கண்ணாடி தாளைத் தொடக்கூடாது. நடுவில் பருத்தி அட்டை மவுண்ட் (படத்தைச் சுற்றி வரும் அட்டைச் சட்டம்) வேண்டும். கண்ணாடியில் ஈரம் கோத்தால் மை அதிலேயே ஒட்டிக்கொள்ளும். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடியோ அக்ரிலிக்கோ கிடைத்தால் செலவைப் பார்க்காதீர்கள். 40 ரூபாய் ஒதுக்கியது இதற்குத்தான்.

ஃபெவிகால், செல்லோடேப், லேமினேஷன் மூன்றும் கூடாது.

ஒட்டும் வேலையைக் கூடவே நின்று பாருங்கள். ஒருமுறை பார்த்துக் கற்றுக்கொண்டால் அடுத்த படத்துக்கு நீங்களே வீட்டில் செய்யலாம். கடைக்காரர் ஃபிரேமை மட்டும் செய்து கொடுத்தால் போதும்.

9. மாட்டும் இடமும் மழைக்காலமும்

மழை அடிக்கும் வெளிச்சுவரில் மாட்டாதீர்கள். உள்சுவர்தான் சரி. ஃபிரேமின் கீழ் மூலை இரண்டிலும் பின்பக்கம் சின்ன ரப்பர் துண்டு ஒட்டினால் சுவருக்கும் ஃபிரேமுக்கும் நடுவில் காற்று போகும். நேர் வெயில் ஒரு மணி நேரம் கூட வேண்டாம். அருங்காட்சியகங்களில் தாள் படங்களுக்கு 50 லக்ஸ் அளவு வெளிச்சம்தான் வைக்கிறார்கள்.

சில நூறு ரூபாய்க்கு ஈரப்பத மீட்டர் கிடைக்கும். 45 முதல் 55 சதவீதம் என்பது சரியான அளவு. கடலோர ஊரில் அது எளிதல்ல, 60 வரை பரவாயில்லை. 65க்கு மேல் நாள்கணக்கில் நின்றால் பூஞ்சை வரும். ஏசியை இரவு மட்டும் போட்டுப் பகலில் அணைத்து, ஈரம் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பது இன்னும் மோசம்.

மாட்டாத படங்களை அமிலமற்ற தாளுக்கு நடுவே, தட்டையான பெட்டியில், தரையிலிருந்து உயர்த்தி வையுங்கள். சிலிக்கா ஜெல் போட்டால் மாதம் ஒருமுறை சூடாக்கி உலர்த்த வேண்டும், இல்லையென்றால் அது இருந்தும் பயனில்லை. அந்துருண்டை தாளின் மேல் படக்கூடாது.

10. பதிவேடு

ஒவ்வொரு படத்துக்கும் ஒரு பக்கம். ஓவியர், தலைப்பு, அச்சு முறை, பதிப்பு எண், தகடு வருடம், அச்சு வருடம், படத்தின் அளவு, தாளின் அளவு, வாங்கிய தேதி, மொத்தச் செலவு. ஃபிரேம் போடும் முன் எடுத்த முன்பக்க, பின்பக்கப் போட்டோ. விற்பவர் எழுத்தில் கொடுத்த பதில்களின் நகல். படத்தின் பின்னால் எதையும் எழுதாதீர்கள். பதிவேட்டு எண்ணை மட்டும் பென்சிலில், ஓரத்தில், அழுத்தாமல் குறியுங்கள்.

வடகிழக்குப் பருவமழை முடிந்தபின், பொங்கலுக்கு முந்தைய வாரம், எல்லா ஃபிரேமையும் இறக்கி டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பாருங்கள். புதிதாக ஒரு பழுப்புப் புள்ளியோ, மவுண்டின் ஓரத்தில் பூச்சி அரித்த தூளோ தெரிந்தால் அன்றே ஃபிரேமைத் திறந்து, போட்டோ எடுத்து, அதே பக்கத்தில் தேதியோடு எழுதிவையுங்கள். அடுத்த ஜனவரியில் அந்தப் புள்ளி வளர்ந்திருக்கிறதா என்று பார்க்க அந்தப் போட்டோதான் உதவும்.